சோடாக்காவும் அறுபது வருஷக் கோப்பையும்

கோப்பையின் கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டாள் சோடாக்கா.

அந்தக் 'கொஞ்சம்' நல்லதற்கில்லை என்பது வாத்தியாருக்குத் தெரியும். படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தார். மடித்ததைச் சரியாக மடிக்கவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தார். பிறகு வேறு வழியில்லாமல் வந்தார்.

"இது என்ன?"

"கோப்பை."

"அது எனக்குத் தெரியாதா? கழுத்துல இந்தக் கோடு என்ன?"

வாத்தியார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை. மேல்வீட்டில் வாஷிங் மெஷின் ஓடும்போதெல்லாம் கோப்பையின் மூடி கிணுகிணுவென்று ஆடியதால், ஆறு மாதத்துக்கு முன்னால் மூடியையும் கழுத்தையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியவரே அவர்தான்.

"ரப்பர்ல கந்தகம் இருக்கும்மா. வெள்ளியில பட்டா கறுத்துடும்."

"போடும்போது இது தெரியாதா?"

"தெரியும். ஆனா மூடி ஆடிச்சே."

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். உலகத்தில் எது எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு அத்துப்படி. அதை எப்போது வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்பது மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை.

சோடாக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். காலை பத்தரை. மாலை ஆறு மணிக்குக் கீழே கூடத்தில் ஆண்டுக் கூட்டம். அங்கே இந்தக் கோப்பையை அவள் கையாலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அந்தக் குடியிருப்பில் நாற்பது வீடுகள். நாற்பது வீட்டுக்கும் அவள் சோடாக்காதான். மூன்றாம் மாடிக் கிழவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அடைத்துக்கொண்ட சிங்க், நாறுகிற ஷூ, அடிப்பிடித்த பால் பாத்திரம், மெத்தையில் குழந்தை போட்ட வரைபடம், சீப்பில் அப்பிய அழுக்கு, ஃபிரிட்ஜுக்குள் யாருமே ஒப்புக்கொள்ளாத ஒரு வாடை என்று எதைக் கொண்டுவந்தாலும் அவளிடம் மருந்து ஒன்றுதான்: "ஒரு ஸ்பூன் சமையல் சோடா எடு." அவள் வீட்டில் சமையலைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சமையல் சோடா போட்டார்கள்.

"சோடாவால ஆகாதது ரெண்டே ரெண்டுதான்" என்பாள். "ஒண்ணு எங்க வீட்டுக்காரர். இன்னொண்ணை இன்னும் யாரும் கண்டுபிடிக்கலை."

அந்தச் சோடாவின் புண்ணியத்தில்தான் போன வருடம் 'சுத்தமான வீடு' கோப்பை அவளுக்குக் கிடைத்தது. சாதாரணக் கோப்பை இல்லை. குடியிருப்பு கட்டிய வருடம் வாங்கியது, அறுபது வயது. இரண்டு காது, குமிழ் வைத்த மூடி, பூவேலைப்பாட்டு இடுக்குகளில் காலத்தின் கறுப்பு, வயிற்றில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நெளிவு. முதல் வருடம் அதை லிஃப்டில் கொண்டுவரும்போது கதவு மூடி நெளிந்ததாம். அன்றிலிருந்து அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் கோப்பை கை மாறும்போது, பார்வை மங்கிய சங்கத் தலைவர் அந்த நெளிவைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இருக்கு!" என்று மைக்கில் சொல்வார். கூடமே கைதட்டும். அவர் "இருக்கு" சொன்னால்தான் கோப்பை திரும்பி வந்ததாக அர்த்தம்.

அதோடு ஒரு விதியும் உண்டு. கோப்பையைத் துடைக்கலாம், தேய்க்கக் கூடாது. தேய்த்துக் கெடுத்தால், கீழே லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் வெற்றியாளர் பலகையிலிருந்து பெயர் அழிக்கப்படும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செகரெட்டரி கொண்டுவந்த விதி. முந்தைய வருடம் கோப்பை அவர் வீட்டில்தான் இருந்தது. அதைச் சோடாக்காவிடம் ஒப்படைத்த அன்றே விதியையும் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். "பாரம்பரியம்மா இது. என்கிட்ட ஒரு வருஷம் இருந்துச்சு, நான் மூச்சுக்கூட அது மேல விட்டதில்லை" என்று கண்கலங்கச் சொன்னார்.

சோடாக்கா படிக்கும் காலத்தில் ஒரு சோப்பு டப்பாகூடப் பரிசாக வாங்கியதில்லை. அக்கா பாடினாள், தங்கை ஓடினாள், இவள் எல்லாருடைய துணியையும் மடித்து வைத்தாள். ஐம்பத்தாறு வயதில்தான் முதல் தடவையாக ஒரு கூட்டம் அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டியது. வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பதற்குக் கைதட்டல் உண்டு என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. பலகையில் தன் பெயரை எழுதிய பிறகு ஒரு வாரம் வேலையே இல்லாமல் லிஃப்டுக்குப் போய்வந்தாள். அந்தப் பெயர் போவதென்றால் அவளுக்குத் தாங்காது.

"தேய்க்கக் கூடாதுன்னு விதி இருக்கும்மா" என்று ஞாபகப்படுத்தினார் வாத்தியார்.

"தேய்க்கத்தானே கூடாது? ஊறவைக்கலாமே."

சொல்லிவிட்டு அவள் அலமாரியைத் திறந்தாள். இரண்டு கிலோ சோடா இருந்தது. போர்க்களத்துக்கு அதுவே போதும்.

முறை சுலபமானது. டப்பில் அலுமினியத் தாளை விரிக்க வேண்டும். மேலே வெள்ளிச் சாமானை வைத்துச் சோடாவைத் தூவிக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால், கறுப்பு வெள்ளியை விட்டுவிட்டுத் தாளுக்குப் போய்விடும். கை படாது, துணி படாது. நாற்பது வீட்டுக் கொலுசும் கரண்டியும் இப்படி அவள் கையால் வெளுத்தவைதான்.

கோப்பை டப்பில் இறங்கியது. தண்ணீர் நுரைத்தது. ஐந்து நிமிடத்தில் கழுத்துக் கோடு காணாமல் போனது.

"பார்த்தீங்களா?" என்றாள்.

"பார்த்தேன்" என்றார் வாத்தியார். "கோடு போச்சு. கூடவே மத்ததும் போச்சு."

அவள் குனிந்து பார்த்தாள். பூவேலைப்பாட்டின் இடுக்குகளில் அறுபது வருடமாக உட்கார்ந்திருந்த கறுப்பு ஒரு பொட்டு மிச்சமில்லாமல் போயிருந்தது. தாள் பட்ட பக்கம் கல்யாணத்துக்கு வாங்கிய பாத்திரம்போலப் பளபளத்தது. படாத பக்கம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணி வட்டம் தனியாகக் கழன்று மிதந்துகொண்டிருந்தது. அது இருந்த இடத்தில் ஆணியால் கீறிய மாதிரி '7' என்று ஓர் எண்.

"ஏழு எதுக்கு?" என்றார் வாத்தியார்.

"இப்ப அது ரொம்ப முக்கியம்! இப்படித் திட்டுத்திட்டா இருக்கிறதுக்கு என்ன செய்யறதுன்னு சொல்லுங்க."

"ஒண்ணும் செய்யாம இருக்கிறதுதான் நல்லது."

அந்த வீட்டில் யாரும் கேட்காத யோசனைகளில் அது முதன்மையானது. அவள் சோடாவைக் குழைத்துப் பசையாக்கினாள்.

"விதி..."

"இது தேய்க்கிறது இல்லைங்க. தடவுறது."

தடவினாள். கொஞ்சம் அழுத்தித் தடவினாள். சாம்பல் திட்டு போய் அங்கேயும் பளபளப்பு வந்தது. விட்டிருக்கலாம். ஆனால் ஒரு மூலை மட்டும் மந்தமாகத் தெரிய, அங்கே இன்னும் நாலு தடவு தடவினாள். மந்தம் போய் மஞ்சள் வந்தது.

"என்னங்க இது, வெள்ளிக்குள்ள மஞ்சளா இருக்கு?"

"பித்தளை. மேல வெறும் பூச்சுதான் போல. அதைத்தான் நீ இப்ப தடவி எடுத்துட்ட."

"அறுபது வருஷமா போகாத பூச்சு என் கை பட்டதும் போயிடுமா?"

"அதான் எனக்கும் புரியலை" என்றார் வாத்தியார். உண்மையாகவே புரியாத முகத்தோடு ஏழாம் எண்ணை இன்னொரு தடவை பார்த்தார்.

அவள் அசரவில்லை. மஞ்சள் என்பது கறை. கறை என்றால் சோடா. சோடாவுக்கு அடங்காத கறை என்றால் சோடாவோடு வினிகர். கழிவறைக் குழாயில் பத்து வருடமாகப் படிந்த உப்பையே அந்த ஜோடி கழற்றியிருக்கிறது. கோப்பையின் வயிற்றில் முக்கால் பாகம் சோடாவைக் கொட்டினாள். வினிகர் பாட்டிலைத் திறந்தாள்.

"ஊத்தினதும் பொங்கி வெளிய வழிஞ்சுடும்மா."

"மூடி எதுக்கு இருக்கு?"

வாத்தியார் கையை உயர்த்தினார். வகுப்பில் மாணவன் உயர்த்துவதுபோல. அவள் பார்க்கவில்லை. வினிகரைச் சரித்தாள், மூடியை அழுத்தினாள், சுற்றுமுற்றும் பார்த்தாள். கழற்றி வைத்த ரப்பர் பேண்டு கண்ணில் பட்டது. மூடிக்குமேல் குறுக்கும் நெடுக்குமாக அதைப் போட்டாள். போதாதென்று டிராயரிலிருந்து இன்னும் ஆறு.

அப்போது அழைப்புமணி அடித்தது.

கதவின் துளை வழியாகப் பார்த்தவளுக்கு முதுகில் வேர்த்தது. வெளியே செகரெட்டரி, கையில் கோப்பு.

"உள்ளே கொண்டு போங்க! சத்தம் வராம பிடிச்சுக்குங்க!" என்று கணவரின் கையில் கோப்பையைத் திணித்தாள். வாத்தியார் அதை வயிற்றோடு அணைத்து, மேலே துண்டைப் போர்த்தி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கூட அவரைவிட நிம்மதியாக இருந்திருப்பார்.

கதவு திறந்தது.

"வாங்க சார்."

"உட்கார நேரமில்லைம்மா. சும்மா ஒரு வார்த்தை. கோப்பை பத்திரமா இருக்குல்ல?"

"ராஜா மாதிரி இருக்கு."

"தேய்க்கலையே?"

"சத்தியமா தேய்க்கலை சார்" என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று அவள் மனசாட்சியே கையெழுத்துப் போட்டது.

செகரெட்டரி நகரவில்லை. காலி ஷோகேஸ் பக்கம் கழுத்தை நீட்டினார். அவர் நெற்றியிலும் வேர்த்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"நெளிவு?"

"நெளிவு நெளிவாவே இருக்கு. கோப்பையைப் பட்டுத்துணியில சுத்தி உள்ள வச்சிருக்கேன்."

"ரொம்ப நல்லது. பிரிக்காதீங்க. யார் கேட்டாலும் கிட்டக் காட்டாதீங்க. தலைவர் கையில கொடுக்கிற வரைக்கும் அப்படியே..."

உள்ளே 'ஸ்ஸ்ஸ்' என்றது.

"என்னம்மா சத்தம்?"

"அவருக்கு வாயுத் தொல்லை சார்."

'ஸ்ஸ்ஸ்ஸ்... கிர்ர்ர்...'

"காலையிலேர்ந்தேவா?"

"இப்பதான் ஆரம்பிச்சுது. எல்லாம் தானா அடங்கிடும்."

அடங்கவில்லை. 'டங்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி 'டமார்!' பாத்திரங்கள் சரிந்து உருண்டன. அதற்கு மேலே வாத்தியாரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "ஐயோ, அம்மா!"

செகரெட்டரி ஓரடி பின்வாங்கினார். "டாக்டர்கிட்டக் காட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கிப் போனார்.

சமையலறையில் கூரையிலிருந்து வெள்ளை நுரை சொட்டிக்கொண்டிருந்தது. மூடி, தட்டு அடுக்குக்கு மேலே போய் உட்கார்ந்திருந்தது. வாத்தியாரின் புருவம் வரை நுரை. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அடி ஒண்ணும் படலையே?" என்று அவர் முகத்தைத் துடைத்தாள். அந்த நிமிடம் அவளுக்குக் கோப்பை நினைவே இல்லை.

"எனக்கு ஒண்ணுமில்லை. இதைப் பாரு."

பார்த்தாள். வினிகர் வழிந்த இடத்தில் மஞ்சள் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. ஒரு காது லேசாகச் சாய்ந்திருந்தது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. கோப்பையின் வயிறு பிறந்த குழந்தையின் வயிறுபோல மொழுமொழுவென்று இருந்தது. நெளிவைக் காணோம்.

"உள்ளேயிருந்து அழுத்தம் வந்ததும் தகடு வெளிய தள்ளிடுச்சு. அந்த 'டங்' அதுதான்" என்று விளக்கினார் வாத்தியார்.

சோடாக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோடு போகட்டும், கறுப்பு போகட்டும், பார்வை மங்கியவருக்கு நிறமா தெரியப்போகிறது? ஆனால் கட்டைவிரலுக்குக் கண் உண்டே. அவர் தடவுவார், தேடுவார், மைக்கில் "இல்லை" என்பார். நாற்பது வீடும் அவளைத் திரும்பிப் பார்க்கும். இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் சோடாவைச் சிபாரிசு செய்தவள், சோடாவாலேயே கெட்டாள் என்று பேசும்.

ஒரு நிமிடம்தான் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள்.

"நெளிவு எப்படி வந்துச்சாம்?"

"லிஃப்ட் கதவுல மாட்டி."

"அப்ப லிஃப்ட்லயே போட்டுக்கலாம். வாங்க."

கோப்பையைத் துண்டில் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் லிஃப்டுக்குப் போனார்கள். அவள் கோப்பையின் வயிற்றைக் கதவு மூடும் இடத்தில் சரியாக நீட்டிப் பிடித்தாள். கதவு வந்தது. கோப்பையை மெதுவாகத் தொட்டது. தொட்ட மாத்திரத்தில் மரியாதையாகத் திறந்துகொண்டது.

"இப்ப வர்ற கதவெல்லாம் அப்படித்தாம்மா. ஏதாவது தட்டுப்பட்டா திறந்துக்கும்" என்றார் வாத்தியார்.

"இதையும் இங்க வந்தப்புறம்தான் சொல்வீங்களா?"

பதினொரு தடவை முயன்றாள். கதவு பதினொரு தடவையும் தொட்டுவிட்டுத் திறந்தது. பன்னிரண்டாவது தடவை பொறுமை இழந்து, கையோடு கொண்டுவந்திருந்த கரண்டியால் ஓங்கி ஒன்று போட்டாள். கோப்பைக்கு ஒன்றும் ஆகவில்லை. சாய்ந்திருந்த காது மட்டும் கழன்று, லிஃப்டின் தரையில் விழுந்து உருண்டு, வெளியே நின்ற இரண்டு வெள்ளைச் செருப்புகளுக்கு நடுவில் போய் நின்றது.

செருப்புக்குச் சொந்தக்காரி எதிர்வீட்டு நர்ஸ். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்திருந்தாள். காதைக் குனிந்து எடுத்தாள். கோப்பையைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், வாத்தியாரின் காதோரம் காய்ந்திருந்த நுரையைப் பார்த்தாள்.

"அக்கா..." என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"அழாதேம்மா. எல்லாம் சரி பண்ணிடலாம்."

"அதுக்கில்லைக்கா. இந்த வருஷம் கோப்பை எனக்குத்தானாம். காலையிலதான் செகரெட்டரி சொன்னாரு. அதைக் கேட்டதிலேர்ந்து எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அறுபது வருஷமா எல்லாரும் காப்பாத்தி வச்சிருக்காங்க, நான் கெடுத்துட்டா என்ன ஆகும்னு பயந்துக்கிட்டே வந்தேன். நீங்களே கெடுத்துட்டீங்க. இப்பதான் எனக்கு மூச்சே வருது."

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அதைத் தும்மலாக மாற்றிக்கொண்டார்.

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு கோப்பைக் கடை இருக்குக்கா. எங்க ஆஸ்பத்திரி விளையாட்டு விழாவுக்கு அங்கதான் வாங்குவோம். காது ஒட்டி, பூச்சுப் பூசிக் கொடுப்பாரு. இப்பவே மணி மூணு. போங்க."

பஸ்ஸில் சோடாக்கா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழன்ற காது கைப்பையில் இருந்தது. அவள் பேசாமலிருப்பது வாத்தியாருக்குப் பழக்கமில்லாத விஷயம். ஜன்னலைத் திறந்தார், மூடினார்.

"சரியாகலைன்னா" என்றாள் கடைசியில், "நானே மைக்கை வாங்கிச் சொல்லிடுவேன். என்னாலதான் கெட்டுதுன்னு. அவங்க அழிக்கிறதுக்கு முன்னாடி நானே என் பேரை அழிச்சுடுவேன்."

"நானும் மேடைக்கு வர்றேன். ரப்பர் பேண்டு போட்டது நான்."

"அதை ஆறு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா..."

"நல்ல வேளை சொல்லலை. அப்பவே கெட்டிருக்கும்."

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. அந்த வாத்தியாரை எந்தச் சோடாவாலும் வெளுக்க முடியாது என்பதில் அவளுக்கு அன்றைக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. "வாங்க, இறங்கணும்" என்றாள். குரல் பழையபடி ஆகிவிட்டது.

கடை சின்னது. மூன்று சுவரிலும் கூரை வரை கோப்பைகள். ஓடுகிறவர், குதிக்கிறவர், பந்து வீசுகிறவர் என்று குட்டிக் குட்டி மனிதர்கள் மூடிகளின்மேல் நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய கடைக்காரர் ஒரு தகட்டில் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

சோடாக்கா துண்டைப் பிரித்து, காதில்லாத, மூன்று நிறம் கொண்ட கோப்பையை மேசைமேல் வைத்தாள். வழி நெடுக மனப்பாடம் செய்து வந்ததைத் தொடங்கினாள்.

"இது ரொம்பப் பழைய கோப்பைங்க. அறுபது வருஷம். இது மாதிரி உலகத்துல வேற கிடையாது. ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு. நீங்கதான் எப்படியாவது..."

கடைக்காரர் கோப்பையைக் கையில் எடுத்தார். காது இருந்த இடத்தை முகர்ந்து பார்த்தார்.

"வினிகரா?"

"சோடாவும் வினிகரும்."

"சோடா" என்று தலையாட்டினார். "சோடா இப்பதான் முதல் தடவை."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. அவர் கோப்பையைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் கீறியிருந்த எண்ணைப் பார்த்தார்.

"ஏழா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கேட்டார்: "கூட்டம் இன்னிக்கு ஆறு மணிக்குத்தானே?"

"ஆமா. ஆனா நான் கூட்டத்தைப் பத்திச் சொல்லவே இல்லையே?"

அவர் முக்காலியில் ஏறி, மேல் தட்டின் பின்வரிசையில் கையை விட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை இறக்கினார். தூசியைத் தட்டிப் பிரித்தார்.

சோடாக்காவின் கை தானாக வாய்க்குப் போனது. மேசைமேல் இருந்தது அவளுடைய கோப்பை. இரண்டு காது, குமிழ் மூடி, மங்கிய வெள்ளி, பூவேலைப்பாட்டு இடுக்குகளில் அறுபது வருடக் கறுப்பு. காலை பத்தரை மணிக்குமுன் அது எப்படி இருந்ததோ, அச்சு அசலாக அப்படியே. கழுத்தில் அந்தக் கோடுகூட இல்லை.

வாத்தியார் மட்டும் பழைய கோப்பையின் அடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓகோ" என்றார் மெல்ல. இந்தத் தடவை அவருக்குச் சரியான நேரத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் சொல்ல வாய் வரவில்லை.

சோடாக்கா கட்டைவிரலால் புதிய கோப்பையின் வயிற்றைத் தடவினாள். வழவழவென்று இருந்தது.

கடைக்காரர் அதை அவளிடமிருந்து வாங்கி, கவிழ்த்து, ஆணியால் அடியில் '8' என்று கீறினார். அதன்மேல் பச்சைத் துணி வட்டத்தைப் பசை தடவி ஒட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"அந்த நெளிவை நானே போட்டுத் தரட்டுமா, இல்ல உங்க செகரெட்டரி மாதிரி வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்களே போட்டுக்கிறீங்களா?"